பார்க்காமல் கொடுத்த துப்பாக்கி

பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் போலீசுக்குப் புது ரகம் கொடுத்துவிட்டார்கள் என்று என் மகன் பேப்பரைப் படித்துச் சொன்னான். கண்புரைக்கு இரண்டு தடவை ஆபரேஷன் செய்தும் எனக்குப் பேப்பர் எழுத்து பிடிபடுவதில்லை. அதே வாரம் ஓய்வு பெற்றோர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்களாம்.

"திருடனப் பிடிச்சது, கலவரத்த அடக்குனது, அது மாதிரி ஏதாச்சும் சொல்லுங்கண்ணே" என்றார் ஒருவர்.

நான் திருடனைப் பிடித்ததில்லை. கலவரத்தில் நின்றதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் காக்கி போட்டும் ஒரு மனிதனை நோக்கித் துப்பாக்கியை நீட்டியதில்லை. நான் ஆர்மரர். மற்றவர்கள் சுடுகிற துப்பாக்கியைக் கழற்றி, துடைத்து, பூட்டி, சரிபார்த்துக் கொடுக்கிற ஆள். ஆனாலும் என்னால் ஒரு மனிதன் அடிபட்டான். அதைத்தான் சொல்லப் போகிறேன். போடுவதும் போடாததும் மலர்க் குழுவின் இஷ்டம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சேர்ந்த புதிதில் சைக்கிள் ரிப்பேர் தெரியும் என்று யாரிடமோ சொல்லி வைத்தேன். அடுத்த மாதமே ஆர்மரர் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அரம் பிடிக்கக் கற்றேன், ஸ்பிரிங்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், இரண்டு தடவை கட்டைவிரலை நசுக்கிக்கொண்டேன். பயிற்சி முடிந்து காரைக்குடி முகாமுக்கு வந்தபோது அறுபதுகளின் தொடக்கம்.

முகாம் அப்போது வாடகைக்கு எடுத்த ஒரு செட்டியார் வீட்டில் இருந்தது. முன்பக்கம் ஆபீஸ். வளவு என்கிற உள்கூடத்தைச் சுற்றி ஆட்களின் பெட்டி படுக்கை. நகையும் பத்திரமும் வைப்பதற்காகக் கட்டிய இரும்புக் கதவு அறைதான் ஆயுதக் கிடங்கு. வீட்டுக்காரர்கள் மலேயாவில் இருந்தார்கள். பின்கட்டில் ஆச்சி ஒருவர் மட்டும் சமையல்காரப் பெண்ணோடு குடியிருந்தார். வளவின் நடுவே திறந்த முற்றம். துப்பாக்கிக் குழலைப் பார்ப்பதற்கு அந்த முற்றத்து வெளிச்சம் மாதிரி நான் வேறு எங்கும் கண்டதில்லை.

எனக்கு மேலே தலைமை ஆர்மரராக இருந்தவர் அருளப்பன் ஐயா. தேவகோட்டைப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர்; வேதக்காரர் என்போம். யுத்த காலத்தில் பட்டாளத்தில் ஆர்மரராக இருந்து பர்மா வரைக்கும் போய் வந்தவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேஜைமேல் கிடக்கிற திருப்புளிகளை ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கி வைப்பார். நாலாவது திருப்புளிக்குக் கை போனால் எதிரில் நிற்கிறவனுக்கு வேர்த்துவிடும்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. குழல் பார்ப்பது என்றால் அதன் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டை உருவி வெளியே வைக்க வேண்டும். தோட்டா நுழைகிற பின்வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்து, முன்வாயில் கண்ணை வைக்க வேண்டும். நகத்தில் பட்ட வெளிச்சம் குழலுக்குள் ஓடிவரும். உள்ளே ஐந்து பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போவது தெரியும். துரு இருந்தால் புள்ளியாகத் தெரியும். எங்காவது குழல் உப்பியிருந்தால் அந்த இடத்தில் கருப்பாக ஒரு வளையம் விழும். பிறகு குழலை அரைச் சுற்றுச் சுற்றி மறுபடியும் பார்க்க வேண்டும். துப்பாக்கியைக் கொடுக்கிறவன் ஒரு தடவை, வாங்குகிறவன் ஒரு தடவை. "நான் பாத்துட்டேங்குற பேச்சே இங்க கெடையாது. ரெண்டு பேரும் பாக்கணும்" என்பார்.

அந்தப் பள்ளங்கள் எதற்கு என்றால், குண்டைச் சுழற்றுவதற்கு. சுழலும் பம்பரம் நிற்கிற மாதிரி, சுழலும் குண்டு தலைகீழாகப் புரளாமல் போகும். ஆனால் குண்டை இடப்பக்கம் சுழற்றுகிற துப்பாக்கி, தான் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். தோளில் பின்னோக்கி உதைப்பதோடு லேசாக முறுக்கவும் செய்யும். பிடி இறுக்கமாக இருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. பிடி தளர்ந்தவனுக்கும், ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி பிடிப்பவனுக்கும் குறி நகரும். குழலும் சும்மா இருக்காது. சுடும்போது உதறும். அதைத் தாங்குகிற மரக்கட்டை மழைக்கு ஊறியிருந்தால் ஒரு பக்கம் தள்ளும். இவ்வளவிலும் பெரியது முன்வாயின் கடைசி அங்குலம். குண்டு துப்பாக்கியைத் தொடுகிற கடைசி இடம் அது. "மத்ததெல்லாம் குண்டுக்குப் புத்தி சொல்றது. அந்தக் கடைசி அங்குலந்தான் கழுத்தப் பிடிச்சு அனுப்புறது" என்பார் அருளப்பன் ஐயா.

இதெல்லாம் தெரிந்தபிறகு எனக்குத் தலைக்கனம் ஏறியது. சிப்பாய்களுக்கு முன்னால் முறுக்கு, உதறல் என்று பேசுவேன். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

சேவுகன் அந்தக் காலத்தில் சேர்ந்தவன். கண்டரமாணிக்கத்துப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். நாலு பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண். அந்த வீட்டில் முதன்முதலில் சர்க்கார் வேலைக்கு வந்தவன். இயல்பாகவே இடக்கைக்காரன். சாப்பாட்டில் மட்டும் அடித்து அடித்து வலக்கைக்கு மாற்றியிருந்தார்கள். படையில் எல்லாருக்கும் வலத்தோள்தான். அவனும் வலத்தோளில் வைத்துச் சுடப் பழகினான். முதல் வருஷத் தேர்வுச் சுடுதலில் மயிரிழையில் தவறிவிட்டான். தகுதிகாண் காலத்துக்குள் இரண்டாம் தடவையும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் அதிகாரியின் வழக்கம். அது சேவுகனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அருளப்பன் ஐயா லீவில் இருந்தார். மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பூஜையை அவர் எந்த வருஷமும் தடுத்ததில்லை. ஓரமாக நின்று பார்ப்பார், பொரி கொடுத்தால் வாங்கித் தின்பார். ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "பொட்டக் கட்டையில வையிங்க. இரும்புல வேண்டாம்."

எனக்கு அது நெடுநாளாக உறுத்தல். ஆயுதம் என்பது இரும்பா, மரமா? அரிவாளுக்குப் பிடியிலா பொட்டு வைக்கிறோம்? வேதக்காரருக்கு நம் சாமி காரியத்தில் என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். இதை எழுதிக்கொள்கிறவர் தயங்கினார். எழுதுங்கள் என்றேன். நினைத்தது நினைத்ததுதான்.

அந்த வருஷம் ஆச்சியே சந்தனம் அரைத்து அனுப்பியிருந்தார். சமையல்காரப் பெண் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்து, "கடப் பொடியில்ல, நல்ல கட்டையில எழைச்சதுன்னு ஆச்சி சொல்லச் சொன்னாக. நெத்தியில வச்சா பொழுது சாயுற வரைக்கும் உதிராதாம்" என்றாள். கெட்டியான சந்தனம். வளவெல்லாம் மணந்தது. வரிசையாகச் சாத்தியிருந்த துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் நானே மோதிர விரலால் எடுத்து வைத்தேன். கட்டையில் அல்ல, குழலின் முன்வாயில். விரலை வைத்து அழுத்தியபோது சந்தனம் துளைக்குள் இறங்கியது. அதன்மேல் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. பூசணிக்காய் உடைத்தோம், பொரி தின்றோம். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அப்படியே விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தேர்வுச் சுடுதல். ஊருக்கு வெளியே, கண்மாய்க்கு அங்குட்டு, செம்மண் பொட்டலில் சுடுமிடம். செம்புறாங்கல் மேட்டை அணைத்து இலக்குகளை நட்டிருப்பார்கள். லாரியிலிருந்து இறக்கியதும் ஆட்கள் அவரவர் துப்பாக்கியை வாங்கி, கயிற்றில் துணி கட்டிக் குழலுக்குள் இழுத்துத் துடைத்தார்கள். சந்தனம் மஞ்சள் தூளாக வந்து விழுந்தது. "மணக்குதுடா" என்று ஒருவருக்கொருவர் கேலி பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். என்ன நடக்க இருந்தது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சேவுகன் காலையில் ஒரு கைதியைத் தேவகோட்டைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போயிருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கிப் பொட்டலில் ஓடி வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. அவன் அணியை அப்போதுதான் கூப்பிட்டார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக நின்ற அவன் துப்பாக்கியை எடுத்து நீட்டினேன். அவன் போல்ட்டை இழுக்கப் போனான்.

"குழலப் பாத்துக்கிறேண்ணே."

"எல்லாம் நான் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. ஓடு, ஓடு, கூப்பிடுறாக" என்றேன்.

நான் பார்க்கவில்லை. மற்ற துப்பாக்கிகளை எல்லாம் பார்த்த கையோடு இதையும் பார்த்ததாக நானே நம்பிவிட்டேன். அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு ஓடினான்.

முதல் குண்டின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சத்தத்தை என்னால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும். மற்றவை விறகு பிளக்கிற மாதிரி சுத்தமாக விழுந்தன. இது அடைத்த தொண்டையிலிருந்து வந்தது. சேவுகன் தோள் பின்னால் போய் வந்தது. இலக்குப் பள்ளத்திலிருந்து சிவப்புக் கொடி ஆடியது. இலக்கில் படவே இல்லை. அடுத்ததும் இல்லை. அதற்கடுத்தது பலகையின் வலது ஓரம். பிறகு இன்னும் வலது. இன்னும் இரண்டு சிவப்புக் கொடி.

அதிகாரி எழுந்து வந்தார். "ஆளா, ஆயுதமா?" என்று என்னைக் கேட்டார்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். போல்ட்டை உருவி, நகத்தை வைத்து, கண்ணை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. அதற்குப் பதிலாக நான் பேசினேன். குண்டு இடப்பக்கம் சுழல்வதையும், துப்பாக்கி வலப்பக்கம் முறுக்குவதையும் சொன்னேன். இவன் இயல்பில் இடக்கைக்காரன், வலக்கைப் பிடி தளர்வு, அதனால் முறுக்கு இவனை ஜெயித்துவிடுகிறது, குண்டு வலப்பக்கம் போகிறது என்றேன். பொட்டலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அதிகாரி தலையாட்டினார். "எழுதிக் குடு" என்றார். ஆயுதத்தில் குறை இல்லை, சுடுபவரின் பிடியில் குறை என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். அவ்வளவு அழகாக நான் வேறு எதையும் எழுதியதில்லை.

சேவுகன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, மொதக் குண்டு ஒதைச்ச ஒதையே வேறண்ணே. ஒருக்கா குழலப் பாருங்கண்ணே."

"பிடிக்கத் தெரியாதவன் துப்பாக்கியக் கொற சொன்னானாம்" என்றேன் நான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் துப்பாக்கிகளைச் சுத்தம் செய்ய முற்றத்தில் உட்கார்ந்தேன். சேவுகனின் துப்பாக்கியை எடுத்து, நகத்தை வைத்து, கண்ணை வைத்தேன். முன்வாய்க்கு ஓர் அங்குலம் உள்ளே கருப்பு வளையம். குழலை அரைச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வளையம் அங்கேயே இருந்தது. குழலின் வாயோரத்தில் கருகிய மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன். வெடிமருந்து நெடிக்கு அடியில் சந்தனம் மணந்தது.

 ஆச்சி வீட்டுச் சந்தனம் நன்றாகக் காய்ந்து குழலின் வாயில் அடைப்பாக நின்றிருக்கிறது. முதல் குண்டு அதில் முட்டிப் பிதுங்கி வெளியேறியதில் குழல் உப்பிவிட்டது. அதற்கப்புறம் வந்த குண்டுகளைக் கழுத்தைப் பிடித்து அனுப்ப வேண்டிய இடமே கோணிக்கிடந்தது. குழல் வெடித்திருந்தால் அவன் கண்ணோ கையோ போயிருக்கும். அது நடக்காதது அவன் செய்த புண்ணியம்.

அப்போதே எழுந்து நடந்திருந்தால் ஆபீஸ் இருபது அடி. அதிகாரி உள்ளேதான் இருந்தார். சேவுகனை அனுப்புகிற உத்தரவு எதுவும் இன்னும் போகவில்லை. நான் துப்பாக்கிக்கு எண்ணெய் பூசி, வரிசையின் கடைசியில் வைத்து, இரும்புக் கதவைப் பூட்டினேன்.

ஏன் என்று என்னை நானே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் பேசிய பேச்சு தொண்டையில் நின்றது. பூஜையே தப்பாகிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். எல்லாம் சேர்ந்தாலும் பெயர் ஒன்றுதான். பயம்.

நாலாம் நாள் உத்தரவு வந்தது. சேவுகன் பூட்ஸ், பெல்ட், தொப்பி, கம்பளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்படைத்தான். கிடங்கிலும் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். என்னிடம் வந்தான்.

"வாரேண்ணே. எங்க அப்பாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தெரியல" என்றான்.

கையெழுத்துப் போட்டேன். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கண்டரமாணிக்கம் பஸ் பிடிக்கப் போனான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அருளப்பன் ஐயா லீவு முடிந்து வந்தார். மகள் பிழைத்துவிட்டாள், குழந்தைதான் தங்கவில்லை. அன்றைக்கே கிடங்குக்கு வந்து, ஒவ்வொரு துப்பாக்கியாக முற்றத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். நான் கூடவே நின்றேன். கடைசித் துப்பாக்கி வந்தது. பார்த்தார். அரைச் சுற்றுச் சுற்றினார். மறுபடியும் பார்த்தார்.  மேஜைமேல் வைத்து, "முன் மூடியக் கழத்து" என்றார்.

குழலின் முன்னால் இருக்கிற அந்த இரும்பு மூடி, திருகுகளை எடுத்தால் கையோடு வந்துவிடும். திருகுகளை எடுத்தேன். மூடி வரவில்லை. உப்பிய குழல் உள்ளிருந்து அதைக் கவ்விக்கொண்டிருந்தது. இழுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் ஒரு திருப்புளியை நேராக வைத்தார். இரண்டாவதை அதன் பக்கத்தில் வைத்தார். மூன்றாவது. நாலாவதை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சொல்லு கணேசா."

சொன்னேன். சந்தனம், பொட்டலில் நீட்டிய துப்பாக்கி, என் பேச்சு, என் கையெழுத்து, சாயங்காலம் கண்ட வளையம், எல்லாம் சொன்னேன். அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கையிலிருந்த திருப்புளியை மேஜையில் வைத்துவிட்டு அவர் பேசினார். "முறுக்கு இருக்கு. நான்தான் ஒனக்குச் சொன்னேன். ஆனா அது நூல் கணக்கு. ரெண்டு முழம் தள்ளிப் போன குண்டுக்கு முறுக்கக் காரணம் சொன்னவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான். தெரியாதவனா இருந்தா குழலப் பாத்திருப்பான். நீ தெரிஞ்சவன். அதான் பாக்கல."

ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். கவனக்குறைவால் நேர்ந்த தவறு என்று முடித்திருந்தேன். படித்துப் பார்த்து, அந்த ஒரு சொல்லின் கீழே கோடு போட்டார்.

"மொத நாள் கவனக்கொறவு. சரி. ரெண்டாம் நாளு என்னது? மூணாம் நாளு, நாலாம் நாளு என்னது? அதுக்கும் ஒரு பேரு இருக்குல்ல, அத எழுது."

மறைத்தேன் என்று எழுதினேன். அவர் அதன் கீழே, தம் லீவுக் காலத்தில் கிடங்கை இன்னாரிடம் ஒப்படைத்த பொறுப்பு தம்முடையது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது எனக்கு விழுந்த பெரிய அடி. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்குப் பதவி உயர்வு நின்றது. இருந்த பட்டையையும் கழற்றினார்கள். அணிவகுப்பில் எல்லார் முன்னாலும் உத்தரவைப் படித்தார்கள். சேவுகனைத் திரும்ப எடுக்க மேலிடத்துக்கு எழுதினார்கள். அந்தக் காகிதம் போய் வர மழைக்காலம் முழுவதும் ஆனது. உத்தரவு வந்த அன்று அருளப்பன் ஐயா அதைத் தபாலில் போட விடவில்லை. "நீ கொண்டு போ" என்றார்.

கண்டரமாணிக்கத்தில் இறங்கி வரப்போடு நடந்தேன். கண்மாய் நிறைந்திருந்தது. சேவுகன் மடைக்குப் பக்கத்தில் முழங்கால் சேற்றில் நின்று, இடக்கையால் மண்வெட்டி பிடித்து வாய்க்கால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினான். வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் அப்பா கட்டிலில் இருந்தார். "வாங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நின்றபடியே உத்தரவைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

சேவுகன் உத்தரவைப் படிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். "ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்கண்ணே. குழல் வீங்குனது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல எவ்வளவோ இடம் இருந்தது. "அன்னைக்குச் சாயங்காலமே" என்றேன்.

"நான் கையெழுத்து வாங்க வந்தப்ப?"

"தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே போய்ச் செம்பில் மோர் கொண்டுவந்தான். "வெயில்ல நடந்து வந்திருக்கீக. குடிச்சிட்டுப் போங்க" என்றான். குடித்தேன். அதுபோல ஒன்றை நான் அதற்குமுன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

அவன் வேலைக்குத் திரும்பி வந்தபிறகு அருளப்பன் ஐயா அதிகாரியிடம் போராடி ஓர் அனுமதி வாங்கினார். சேவுகன் இடத்தோளில் வைத்துச் சுடலாம் என்று. வலப்பக்கம் இருக்கிற போல்ட்டை இழுக்க அவனுக்கு நேரம் கூடுதலாகும். அது அவன் பாடு என்றார்கள். இடத்தோள்காரனுக்கு அந்த முறுக்கு கட்டையைக் கன்னத்தோடு அழுத்தும். "கன்னத்துல ஒரு தட்டுத் தட்டும், பொறுத்துக்க. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே மாதிரி பிடி. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார் ஐயா. அவன் பிடிக்குத் தகுந்தாற்போல் குழல் முனையில் இருக்கிற குறிமுள்ளை மயிரளவு நகர்த்தினார். சுடவிட்டுப் பார்த்து மறுபடி நகர்த்தினார். அந்த வருஷத் தேர்வில் அவன் குண்டுகள் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. முறுக்குக் கணக்கை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று நான் அன்றைக்குத்தான் கற்றேன்.

சேவுகன் என்னிடம் ஒருநாளும் கோபமாகப் பேசியதில்லை. பழையதை ஜாடையாகக்கூடச் சொன்னதில்லை. ஆனால் என் கையிலிருந்து எந்தத் துப்பாக்கியை வாங்கினாலும், அதிகாரி கத்தினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, நின்று போல்ட்டை உருவி, நகத்தை வைத்து, கண்ணை வைத்து, அரைச் சுற்றுச் சுற்றி, மறுபடி பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.  ஒவ்வொரு தடவையும் எனக்குள் அந்தச் செம்மண் பொட்டல் வந்து போகும்.

அருளப்பன் ஐயா ஓய்வு பெற்றார். ஆர்மரர் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது சேவுகன் தானாகப் பெயர் கொடுத்துப் போய் வந்தான். ஆயுத பூஜை தவறாமல் நடந்தது. பொட்டு கட்டையில் மட்டும். ஐயா ஊரில் இருந்த வரைக்கும் அன்றைக்குப் பொரி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

எழுபதுகளின் கடைசியில் என் கண்ணில் புரை விழுந்தது. முதலில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பிறகு எந்தக் குழலைப் பார்த்தாலும் வளையம் தெரிந்தது. எது துப்பாக்கியில் இருக்கிறது, எது என் கண்ணில் இருக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. இதற்கு மேல் இந்த நாற்காலியில் இருப்பது பாவம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடங்கைச் சேவுகனிடம் ஒப்படைக்க உத்தரவு.

கடைசி நாள் அதே முற்றத்தில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து அவன் பார்த்தான். சரி என்று அவன் சொல்ல, நான் பேரேட்டில் குறித்தேன். கண் தெரியாத நான் அவன் வார்த்தையை நம்பித்தான் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். கடைசித் துப்பாக்கியைப் பார்த்து முடித்ததும் அவன் அதை வரிசையில் வைக்கவில்லை. என்னிடம் நீட்டினான்.

"நீங்களும் பாருங்கண்ணே."

"எனக்குத்தான் கண்ணு தெரியலையேப்பா. நீ பாத்தாச் சரி. ஒன் வார்த்த போதும்."

"என் வார்த்த எதுக்குண்ணே? தெரியாட்டியும் பாருங்க" என்றான். "ரெண்டு பேரும் பாக்கணும்."

அவனே பின்வாயில் தன் இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பிடித்துக்கொண்டான். நான் முன்வாயில் கண்ணை வைத்தேன். பனி மூடிய மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அரைச் சுற்றுச் சுற்றி மறுபடியும் பார்த்தேன். பிறகுதான் அவன் சாவியை வாங்கிக்கொண்டான்.